சவ்வு முளைக்குமா, அம்மிணி?

மூட்டுத் தேய்மானத்துக்கு மூலிகை என்று பேச்சு வந்தாலே எங்கள் பக்கத்தில் இரண்டு கட்சி ஆகிவிடும். பாட்டன் பூட்டன் காலத்து வைத்தியத்தில் இல்லாததா என்பது ஒன்று. இலை தழையெல்லாம் மனசுக்கு ஆறுதல், முட்டியை மாற்றுவதுதான் வழி என்பது இன்னொன்று. இது பழைய சண்டை, அதில் எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச நாளாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருப்பது மூன்றாவதாகக் கிளம்பியிருக்கும் பேச்சு. மஞ்சளில் உள்ள குர்குமின் குருத்தெலும்பு செல்களைப் பெருக்குவதாக ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிட்டார்களாம், அதனால் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் தேய்ந்த சவ்வு (மூட்டுக் குருத்தெலும்பைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள்) திரும்ப வளர்ந்துவிடுமாம். வாட்ஸ்அப்பில் வருகிறது, உள்ளூர் கேபிள் டிவியில் வருகிறது, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட வருகிறது. முழுப் பொய்யாக இருந்தால் ஒதுக்கிவிட்டுப் போகலாம். இதில் ஒவ்வொரு துண்டும் ஏதோ ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்ததுதான். துண்டுகளை ஒட்டவைத்த விதத்தில்தான் கோளாறு.

என் பெரியம்மா கொடுமுடிப் பக்கம் மஞ்சள் காட்டிலேயே வாழ்ந்தவர். வைகாசியில் விதை மஞ்சள் ஊன்றுவதிலிருந்து மாசியில் வெட்டி, வேகவைத்து, காயப்போடுவது வரை குத்தவைத்துச் செய்கிற வேலைதான் அதிகம். களத்தில் உட்கார்ந்து விரலியையும் கிழங்கையும் பிரிக்கும்போது முட்டி மணிக்கணக்காக முழுசாக மடங்கியே இருக்கும். எழுபதை நெருங்கும்போது அவருடைய வலது முட்டி உள்பக்கம் தேய்ந்து, கால் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, ஒறம்பரையில் ஒருவர் வாங்கிக் கொடுத்த டப்பாவை என் கையில் வைத்தார். மஞ்சள், பாஸ்வெல்லியா என்ற மரத்தின் பிசின், பிரண்டை மூன்றும் சேர்ந்த மாத்திரை. அட்டைப்பெட்டியில் வட்ட வட்டமாகச் செல்கள் பெருகுகிற படம். ஒரு மாதத்துக்கு ஆகும் விலை அவருடைய பால் காசில் பாதி. "நீ இதைத்தானே அம்மிணி படிச்சே? இதைத் தின்னா என்ற முட்டியில சவ்வு முளைக்குமா, நேராச் சொல்லு" என்றார். "பாத்துட்டுச் சொல்றனுங்க பெரிம்மா" என்றேன். அதற்கு அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "முளைக்கற வரைக்கும் ரொம்ப நடக்காம உக்காந்துக்கோணும்னாங்க. அதுக்கோசரம்தான் கேக்கறேன்."

தட்டில் பெருகும் செல்

எம்.எஸ்சி முடித்ததும் கொஞ்ச காலம் செல் வளர்ப்பு ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தேன். காலையில் கறிக்கடையில் ஆட்டு முழங்கால் மூட்டு வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வருவோம். மூட்டுப் பையைக் கீறித் திறந்தால் எலும்பு முனையில் நீலம் பாய்ந்த வெள்ளையாக, ஈரப் பளபளப்போடு ஓர் உறை தெரியும். பிளேடால் சீவினால் இளநீர் வழுக்கை போலச் சுருண்டு வரும், ரத்தம் ஒரு சொட்டுகூட வராது. குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அந்தச் சீவலைப் பொடியாக நறுக்கி, கொலாஜனேஸ் நொதியில் ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டினால், குழாயின் அடியில் தங்குவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான் செல். குருத்தெலும்பின் கன அளவில் செல்களின் பங்கு நூற்றுக்கு ஐந்துகூட வராது. மீதியெல்லாம் அந்தச் செல்கள் தம்மைச் சுற்றிக் கட்டிவைத்த இரண்டாம் வகைக் கொலாஜன் என்ற நார்ப் புரதம், அக்ரிகன் என்ற சர்க்கரை சேர்ந்த புரதம், அவை பிடித்துவைத்திருக்கும் தண்ணீர்.

இந்தச் செல்களை வளர்ப்புத் தட்டில் விட்டால் முதல் நாள் உருண்டையாக இருக்கும். நாளாக ஆக அடியில் ஒட்டி, பரவி, நீளமாகித் தட்டையாகிவிடும். பெருக்கமும் அப்போதுதான் வேகம் பிடிக்கும். எண்ணிக்கை ஏறுகிற அதே நாட்களில் இரண்டாம் வகைக் கொலாஜனைச் செய்வதை விட்டுவிட்டு, தோலிலும் தழும்பிலும் இருக்கிற முதல் வகைக் கொலாஜனைச் செய்ய ஆரம்பித்துவிடும். 1982-ல் பென்யா, ஷாஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படித் தடம் மாறிய செல்களை அகரோஸ் கூழுக்குள் வைத்தபோது, அவை திரும்ப உருண்டையாகிப் பழைய கொலாஜனைச் செய்ததைக் காட்டினார்கள். அதாவது செல் எத்தனை என்பதைவிட அது என்ன நிலையில் இருக்கிறது, எதைக் கட்டுகிறது என்பதுதான் பெரிய விஷயம். தேய்ந்த மூட்டை அறுவை சிகிச்சையில் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் இதே கதைதான். வெடிப்புகளின் ஓரத்தில் செல்கள் கொத்துக் கொத்தாகப் பெருகிக் கிடக்கும். அவ்வளவு பெருகியும் அந்த இடம் சிதைந்துகொண்டேதான் இருக்கும். அட்டைப்பெட்டிப் படத்தைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இந்தக் கொத்துகள்தான்.

அதற்காகத் தட்டில் நடந்த வேலையெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். குருத்தெலும்பு செல்களுக்கு இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தைக் கொடுத்தால், என்.எஃப்-கப்பா-பி என்கிற விசை திறந்து, கொலாஜனை அறுக்கும் எம்.எம்.பி-13, அக்ரிகனை அறுக்கும் அடாம்டிஎஸ்-5 போன்ற நொதிகள் கிளம்பும். குர்குமின் கூட இருந்தால் அந்த விசை அடங்குகிறது. ஜெர்மனியில் மெஹ்தி ஷாகிபாய் குழு இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது, வேறு ஆய்வகங்களும் பார்த்திருக்கின்றன. பாஸ்வெல்லியாவில் உள்ள பாஸ்வெல்லிக் அமிலங்கள் 5-லிப்பாக்ஸிஜினேஸ் என்ற நொதி வழியாக அழற்சியைக் குறைக்கின்றன. இவையெல்லாம் இருப்பதை அறுபடாமல் காக்கிற வேலை. புதிதாகக் கட்டுகிற வேலை வேறு.

அளவு என்று ஒன்று இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். தட்டில் பொதுவாகப் பத்து, இருபது மைக்ரோமோலார் (கரைசலில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கான அளவு) குர்குமின் ஊற்றுகிறார்கள். ஆள் கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் அது ஒன்றிரண்டைத் தாண்டுவது அரிது. குடலும் கல்லீரலும் சேர்ந்து அவ்வளவு சீக்கிரம் அதை மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்வது 2000 சதவீதம் கூடியது. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் மிகச் சிறிய அளவு இருபது மடங்கு கூடினாலும் சிறிய அளவுதான். ரத்தத்தில் சேர்ந்ததும் நேராகக் குருத்தெலும்புக்குப் போக வழியில்லை. மூட்டுத் திரவத்தில் இறங்கி, அதிலிருந்து ஊறி உள்ளே போக வேண்டும். இன்னொரு பக்கம், தட்டில் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் அதே குர்குமின் அந்தச் செல்களையே சாகடிக்கும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கு எல்லோரையும் போலப் பெருமைதான். ஆனாலும் மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். குழம்பில் போடுகிற அரை ஸ்பூனில் முட்டிக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டால் புரியும்.

பிரண்டை கதை இன்னும் சுவாரசியம். உடைந்த எலும்பு சேர்வதற்குப் பிரண்டை என்பதற்கு வெறும் வாய்ச்சொல் மட்டும் ஆதாரமில்லை. 1960-களிலேயே வாரணாசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் விலங்குகளில் கால்சியம்-45 என்ற கதிரியக்கக் கால்சியத்தை வைத்து, எலும்பு முறிவு சேரும் வேகத்தைப் பிரண்டையோடு அளந்திருக்கிறார்கள். ஆனால் எலும்பில் ரத்தம் ஓடுகிறது, உடைந்தால் தானாகவே சேரத் தெரியும், அதற்குக் கைகொடுக்கத்தான் பிரண்டை. குருத்தெலும்புக்குத் தானாகச் சேரும் திறமை மிகவும் குறைவு. 1743-லேயே லண்டனில் வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீளாது என்று எழுதிவைத்தார். 2016-ல் டென்மார்க்கில் ஒரு குழு இதை வேறு விதத்தில் அளந்தது. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14, அந்தந்தக் காலத்தில் உடம்பில் உருவான திசுவில் பதிந்திருக்கும். அதை வைத்து முட்டிக் குருத்தெலும்பின் வயதைப் பார்த்தால், வளர்ச்சிப் பருவம் முடிந்த பிறகு அதன் கொலாஜன் கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படுவதே இல்லை, தேய்மானம் வந்த முட்டியிலும்கூட. பெரியம்மா தாவணி போட்ட வயதில் உருவான கொலாஜன்தான் இத்தனை வருஷ மஞ்சள் காட்டையும் தாங்கியிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அந்த முட்டி மேல் ஒரு மரியாதையே வந்தது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு ஆய்வுகள்

இவ்வளவும் எனக்கு ஓரளவு தெரிந்ததுதான். தெரிந்தும் பெரியம்மாவுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. "முளைக்காதுங்க" என்று சொன்னால் டப்பாவோடு அவருடைய நம்பிக்கையையும் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். அப்படிப் பிடுங்க எனக்கு உரிமை இருக்கிறதா, அந்த மாத்திரையால் அவருக்கு ஒரு பலனுமே இல்லையா என்று தேடிக்கொண்டிருந்தபோது இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்துப் படித்தேன். தனித்தனியாக முன்பே கேள்விப்பட்டவை, ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்த்ததில்லை.

முதலாவது 2020-ல் வந்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், முட்டித் தேய்மானமும் மூட்டு வீக்கமும் உள்ள 70 பேர். பாதிப்பேருக்கு மஞ்சள் சாற்று மாத்திரை, பாதிப்பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, 12 வாரம். மஞ்சள் சாப்பிட்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தால் வீக்கத்திலும் மாற்றமில்லை, குருத்தெலும்பின் தன்மையிலும் மாற்றமில்லை. இரண்டாவது 2019-ல் வந்தது. அதில் மூலிகை இல்லை, ஸ்பிரிஃபெர்மின் என்கிற வளர்ச்சிக் காரணிப் புரதம், முட்டிக்குள்ளேயே ஊசியாகப் போடுவது. 549 பேர், இரண்டு வருஷம். அதிக அளவு போட்டுக்கொண்டவர்களின் குருத்தெலும்பு, வெறும் ஊசி போட்டவர்களைவிட 0.05 மில்லிமீட்டர் தடிமனாக இருந்தது. செல்லைத் தூண்டிக் குருத்தெலும்பை வளரவைக்க முடியும் என்று மனித முட்டியிலேயே அளந்து காட்டிய அபூர்வமான வேலை அது. வலியில் மட்டும் வித்தியாசமே இல்லை.

ஒன்றில் வலி குறைந்தது, சவ்வு அப்படியே இருந்தது. மற்றதில் சவ்வு வளர்ந்தது, வலி அப்படியே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் பெரியம்மாவின் கேள்விக்குள் இரண்டு கேள்வி இருப்பது எனக்கு உறைத்தது. நரம்பே இல்லாத குருத்தெலும்பு வலிப்பதில்லை. வலிப்பது அதைச் சுற்றியிருக்கும் மூட்டுப் பையின் உள்சவ்வு, அடியிலுள்ள எலும்பு, தசைநார்கள், பலம் குறைந்த தொடைத் தசையின் இழுப்பு. எக்ஸ்ரேயில் முட்டி மோசமாகத் தெரிந்தும் சந்தைக்கு நடந்துபோய் வருகிறவர்கள் இருக்கிறார்கள், படத்தில் லேசான தேய்மானம் மட்டும் தெரிந்தும் படியேற முடியாதவர்கள் இருக்கிறார்கள். நமக்கு வேண்டியது வலி இல்லாமல் எழுந்து நடப்பது. அதற்கு சவ்வு முளைத்தே தீர வேண்டும் என்று முடிச்சுப் போட்டது விளம்பரக்காரர்கள்தான், அந்த முடிச்சை நாமும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம்.

மஞ்சளுக்கு வலி குறைக்கும் தகுதி இருப்பதைத் தாய்லாந்திலும் பார்த்திருக்கிறார்கள். 2014-ல் வெளியான ஆய்வு, 367 பேர், 4 வாரம். ஒரு நாளைக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, 1200 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் வலி மாத்திரைக்கு ஏறக்குறைய இணையாக வலியைக் குறைத்தது, வயிற்று உபத்திரவம் மஞ்சள் பக்கம் குறைவு. வயிற்றுப் புண்ணோடு வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிற வயசாளிகள் எத்தனை பேர் நம் ஊரில்! அவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. இவ்வளவு நல்ல செய்தி கையில் இருக்கும்போது, இல்லாத வளர்ச்சியை எதற்குச் சேர்த்து விற்க வேண்டும் என்பதுதான் எனக்குக் கோபம்.

பெரியம்மாவிடம் சொன்னது

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். வேலியோரப் பிரண்டைக் கொழுந்தை ஒடித்துக்கொண்டுவந்து துவையலுக்குத் தயார்செய்துகொண்டிருந்தார். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை நீக்கி, நாலு பக்கமும் விளிம்பு நாரை உரித்து, எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, புளி வைத்து அரைப்பது. வதக்கல் பத்தாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும், அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகளின் வேலை அது. அவர் வதக்கி முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். இந்த மாத்திரையில சவ்வு முளைக்கும் என்று யாரும் இன்னும் காட்டவில்லைங்க, வலி குறையலாம், மூணு மாசம் சாப்பிட்டுப் பாருங்க, குறைஞ்சா தொடருங்க, குறையலைன்னா அந்தக் காசுக்கு வேற செலவு இருக்கு. ஆனால் உட்கார்ந்து மட்டும் இருக்காதீங்க. குருத்தெலும்புக்குத் தீனி மூட்டுத் திரவத்திலிருந்துதான் போகிறது, நடந்து அழுத்தம் விழுந்து எழுந்தால்தான் அந்தத் திரவம் உள்ளே போய் வரும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டித் தூக்கிப் பிடிக்கிற பயிற்சியைத் தினமும் செய்யணும், தொடை பலமானால் முட்டிக்குப் பாரம் குறையும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைவதாக 2005-ல் அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள், அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நடக்கலாங்கறே" என்றார். "நடக்கோணுங்க பெரிம்மா." "அதைச் சொல்லாம என்னென்னமோ சொல்றே. உக்காந்தே இருக்கறது எனக்கே ஆகல கண்ணு."

அந்த டப்பாவை அவர் தொடர்ந்தாரா என்று கேட்டால், தொடர்ந்தார். வலி கொஞ்சம் தேவலை என்கிறார். மாத்திரையாலா, பயிற்சியாலா என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியாது, ஒரே ஆளை வைத்து என்னாலும் முடியாது. அவர் நடக்கிறார், எனக்கு அது போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன், இங்கேயும் சொல்கிறேன். குழம்பு மஞ்சள் வேறு, அடர்த்தியாக்கிய சாறு வேறு. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவுசெய்யும் ஆய்வு வலையமைப்பு, 2004-லிருந்து 2022 வரை மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்கள் என்று 10 பேரை விவரித்திருக்கிறது. ஒருவர் இறந்துவிட்டார். 10 பேரில் 7 பேருக்கு ஹெச்.எல்.ஏ-பி 35:01 என்கிற மரபு வகை இருந்தது, சோதித்த மாத்திரைகள் சிலவற்றில் பைப்பரினும் இருந்தது. எண்ணிக்கை குறைவுதான், ஆனால் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்ந்து போனாலோ, சாப்பாடு பிடிக்காமல் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பேர் ஊர் இல்லாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பதும் நடக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துபோனால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் சந்தேகப்பட வேண்டும்.

டாஸ்மேனியா ஆய்வைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். குருத்தெலும்பில் மாற்றம் தெரிய 12 வாரம் மிகக் குறைவு, ஸ்பிரிஃபெர்மினுக்கே இரண்டு வருஷம் ஆயிற்று. ஆகவே மஞ்சளுக்கும் பிரண்டைக்கும் கதவு மூடிவிட்டது என்று நான் சொல்லவில்லை, யாரும் சரியாகத் தட்டிப் பார்க்கவில்லை என்கிறேன். அப்படித் தட்டிப் பார்க்க இந்தப் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் எது? 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கோயம்புத்தூரில் நடந்ததுதான். ருமாட்டாய்டு முடக்குவாதம் உள்ள 43 பேரை மூன்று அணியாகப் பிரித்து, ஆயுர்வேத மருந்து, மெத்தோட்ரெக்சேட் என்ற ஆங்கில மருந்து, இரண்டும் சேர்ந்தது என்று கொடுத்து, யாருக்கு எது போகிறது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் ஒப்பிட்டார்கள். மூலிகை மருந்தை இப்படி ஒளித்துக் கொடுத்துச் சோதிக்கவே முடியாது என்ற பேச்சுக்கு அதுவே பதில். அதே ஒழுங்கோடு முட்டித் தேய்மானத்துக்கும் ஒன்று நடக்க வேண்டும். ஈரோட்டு மஞ்சளிலிருந்து எடுத்த, அளவு தெரிந்த சாறு ஓர் அணிக்கு, பிரண்டை ஓர் அணிக்கு, வெறும் மாத்திரை ஓர் அணிக்கு, தொடைப் பயிற்சி எல்லோருக்கும். இரண்டு வருஷம் விடாமல் பார்த்து, மாதாமாதம் வலியையும் நடக்கும் தூரத்தையும் குறித்து, ஆரம்பத்திலும் முடிவிலும் எம்.ஆர்.ஐ எடுத்து, கல்லீரல் பரிசோதனையையும் கூடவே செய்து, வலிக்கு ஒரு முடிவு, தடிமனுக்கு ஒரு முடிவு என்று தனித்தனியாக வெளியிட வேண்டும். ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. தை, மாசியில் கொடுமுடியிலிருந்து சிவகிரி வரைக்கும் எந்த மஞ்சள் களத்தில் போய்க் கேட்டாலும் பேர் கொடுப்பார்கள்.